பட்டா கையில் இருந்தால் போதுமா? மருந்துக் காப்புரிமையை நீதிமன்றம் சோதிக்கும் விதம்

நிலம் வாங்கப் போகிறவர் பட்டாவை மட்டும் பார்த்துவிட்டு முன்பணம் கொடுப்பதில்லை. மூலப்பத்திரத்தைக் கேட்பார், வில்லங்கச் சான்று எடுப்பார், நான்கெல்லை சரியா என்று அக்கம்பக்கத்தில் விசாரிப்பார். பட்டா அரசாங்கம் கொடுத்த தாள்தான். ஆனால் நிலம் யாருடையது என்று தகராறு வந்துவிட்டால் அந்தத் தாளோடு வழக்கு முடிவதில்லை. உரிமையியல் நீதிமன்றம் மூலப்பத்திரம் வரை தோண்டும்.

மருந்துக் காப்புரிமையின் நிலையும் இந்தியாவில் இதுதான். அதிகாரி ஒருவர் விண்ணப்பத்தைப் படிக்கிறார், பழைய ஆவணங்களைத் தேடுகிறார், திருப்தி அடைந்தால் காப்புரிமை வழங்குகிறார். விண்ணப்பம் போட்ட நாளிலிருந்து 20 ஆண்டுகளுக்கு உரிமையாளர் அனுமதியில்லாமல் அந்த மருந்தை வேறு யாரும் செய்யவோ விற்கவோ முடியாது. ஆனால் இந்த ஆய்வு, காப்புரிமை செல்லும் என்பதற்கு எந்த வகையிலும் உத்தரவாதம் ஆகாது என்று 1970ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டமே தன் 13(4)ஆம் பிரிவில் சொல்லிவிடுகிறது. கடைசல் பிடிக்கும்போது பாத்திரத்தை இறுக்கி நிறுத்தும் ஓர் ஏற்பாட்டைப் பற்றிய வழக்கில், 1978-இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. புற்றுநோய் மாத்திரை வழக்குகளில் இன்றும் வழக்கறிஞர்கள் அந்தப் பாத்திர வழக்கைத்தான் எடுத்துக் காட்டுகிறார்கள்.

ஒரு மருந்தின் காப்புரிமை நீதிமன்றத்தில் உடைந்தது என்ற செய்தி வரும்போதெல்லாம், ஏழை நோயாளிகள்மேல் நீதிபதிகள் இரக்கப்பட்டார்கள் என்றே நம்மில் பலர் புரிந்துகொள்கிறோம். தீர்ப்புகளைப் படித்தால் வேறொன்று தெரிகிறது. விலை அதிகம் என்பதற்காக மட்டும் நீதிமன்றம் ஒரு காப்புரிமையைச் செல்லாது என்று சொல்ல முடியாது. நீதிமன்றம் ரத்து செய்வதற்கான காரணங்களை அடுக்கும் 64ஆம் பிரிவில் அப்படி ஒரு காரணமே இல்லை. பெரும்பாலும் காப்புரிமையை வீழ்த்துவது அதே நிறுவனம் அதற்கு முன்னால் எழுதி, கையெழுத்திட்டு, ஏதோ ஒரு நாட்டில் தாக்கல் செய்த காகிதம். முதல் பத்திரமே இரண்டாவது பத்திரத்துக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது.

நீதிமன்றம் என்ன கேட்கிறது?

காப்புரிமை ஆவணத்தின் கடைசியில் எண் போட்ட வாக்கியங்கள் வரிசையாக இருக்கும். அவைதான் உரிமைக்கோரல்கள். பத்திரத்தின் நான்கெல்லைபோல, 'இதிலிருந்து இதுவரை எங்களுடையது' என்று அவை வரையறுக்கின்றன. முன்பக்கங்களில் எவ்வளவு அறிவியல் எழுதியிருந்தாலும், வழக்கு இந்த வாக்கியங்களைச் சுற்றித்தான் நடக்கும்.

காப்புரிமையை ரத்து செய்வதற்கான காரணங்களை 64ஆம் பிரிவு நீளமாக அடுக்குகிறது. மருந்து வழக்குகளில் திரும்பத் திரும்ப வருபவை சிலதான். இது ஏற்கெனவே வெளியான விஷயமா? புதிதுதான் என்றாலும், அந்தத் துறையில் சாதாரணப் பயிற்சி உள்ள ஒருவருக்கு இயல்பாகவே தோன்றக்கூடியதா? கண்டுபிடிப்பைப் பிறர் செய்து பார்க்கும் அளவுக்கு விளக்கி எழுதியிருக்கிறார்களா? கண்டுபிடிப்பே ஆகாது என்று 3ஆம் பிரிவு ஒதுக்கி வைத்த வகைக்குள் இது வருகிறதா? வெளிநாடுகளில் போட்ட இணையான விண்ணப்பங்களைப் பற்றிய தகவலை மறைத்தார்களா?

இந்தக் கேள்விகளை எழுப்ப மூன்று வாசல்கள் உண்டு. காப்புரிமை வழங்கப்படும் முன்பே யார் வேண்டுமானாலும் அலுவலகத்தில் எதிர்ப்பு மனு கொடுக்கலாம். வழங்கிய பிறகு, அறிவிப்பு வெளியான ஓராண்டுக்குள் அதில் நலன் உள்ளவர் எதிர்க்கலாம். மூன்றாவது வாசல் உயர் நீதிமன்றம். அங்கே நேரடியாக ரத்து மனு போடலாம்; அல்லது காப்புரிமையை மீறியதாக நிறுவனம் வழக்குப் போட்டால், 'உன் காப்புரிமையே செல்லாது' என்று எதிர்வழக்காடலாம். மாவட்ட நீதிமன்றத்தில் தொடங்கிய வழக்காக இருந்தாலும், ரத்து கேட்டு எதிர்வழக்கு வந்த மாத்திரத்தில் அது உயர் நீதிமன்றத்துக்கு மாறிவிடும். ரத்து மனு, எதிர்வழக்கு ஆகிய இரண்டையும் ஒருவரே நடத்த முடியாது, ஒன்றைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்து வைத்தது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியம் ஒருகாலத்தில் ரத்து மனுக்களை விசாரித்தது. 2021-இல் அது கலைக்கப்பட்ட பிறகு அந்த வேலையும் உயர் நீதிமன்றங்களுக்கே வந்துவிட்டது. 2023-இல் சென்னை உயர் நீதிமன்றம் அறிவுசார் சொத்துரிமைக்கென்று தனிப் பிரிவைத் தொடங்கியது.

சென்னையில் தொடங்கிய கிளிவெக் வழக்கு

இந்தியா 1972 முதல் 2004 வரை மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை தரவே இல்லை. தயாரிக்கும் முறைக்கு மட்டும் தந்தது. ஒருவர் செய்யும் மருந்தையே இன்னொருவர் வேறு வழியில் செய்து விற்கலாம். இந்த ஏற்பாட்டின் பின்னணியில் நின்றது, சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து பின்னாளில் உச்ச நீதிமன்றத்துக்குச் சென்ற நீதிபதி ந. இராஜகோபால ஐயங்கார் 1959-இல் கொடுத்த அறிக்கை. பிரிட்டிஷ் காலச் சட்டத்தின்கீழ் வழங்கப்பட்ட காப்புரிமைகளில் பெரும்பாலானவை வெளிநாட்டவர் கையில் இருப்பதையும், அவை இந்தியாவில் உற்பத்திக்கு வராமல் இறக்குமதிக்கு வேலியாக மட்டும் பயன்படுவதையும் அவர் எடுத்துக் காட்டினார். உலகுக்கே மலிவு விலை மருந்து செய்து கொடுக்கும் இந்தியத் தொழில் வளர்ந்ததில் அந்த அறிக்கைக்குப் பெரும் பங்கு உண்டு. அவர் பெயர் தமிழ்நாட்டில் இன்னும் பரவலாகத் தெரிந்திருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

அறிவுசார் சொத்துரிமை பற்றிய உலக வர்த்தக அமைப்பின் டிரிப்ஸ் ஒப்பந்தம் 1995-இல் நடைமுறைக்கு வந்தது. 2005 ஜனவரி 1-க்குள் மருந்துப் பொருளுக்கும் காப்புரிமை தர இந்தியா ஒப்புக்கொண்டது. இடைப்பட்ட பத்தாண்டுகளில் வரும் விண்ணப்பங்களை வாங்கிப் பிரிக்காமல் வைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. 'தபால் பெட்டி' என்று அதற்குப் பெயர். 1998 ஜூலை 17 அன்று சென்னை காப்புரிமை அலுவலகத்தில் நோவார்ட்டிஸ் என்ற பன்னாட்டு மருந்து நிறுவனம் போட்ட விண்ணப்பம் இப்படித்தான் பெட்டிக்குள் போய் உட்கார்ந்தது.

அந்த விண்ணப்பம் இமாட்டினிப் மெசிலேட் என்ற உப்பின் பீட்டா படிக வடிவத்துக்கானது. கிளிவெக் மாத்திரையில் இருப்பது அதுதான். நாட்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோயில் 9ஆம், 22ஆம் குரோமோசோம்களின் துண்டுகள் இடம் மாறி ஒட்டிக்கொள்வதால் பழுதான ஒரு புரதம் உருவாகிறது. வெள்ளணுக்களை ஓயாமல் பெருகச் சொல்லி அது தூண்டிக்கொண்டே இருக்கிறது. அந்தப் புரதத்தின் வேலையை மட்டும் குறிபார்த்து நிறுத்துவது இமாட்டினிப். 2001 மே மாதம் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதற்கு அனுமதி அளித்தது. மரண ஓலையாக இருந்த நோயை, தினமும் மாத்திரை போட்டு வாழ்ந்துவிடக்கூடிய நோயாக மாற்றிய மருந்து இது. கண்டுபிடித்தவர்களின் சாதனையைக் குறைத்துச் சொல்ல எந்த வழக்கும் காரணம் ஆகாது.

ஆனால் சாதனை எது, சென்னையில் உரிமை கோரியது எது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். இமாட்டினிப் மூலக்கூறுக்கும், மருந்தாகப் பயன்படத்தக்க அதன் உப்புகளுக்கும் ஸிம்மர்மன் என்ற விஞ்ஞானியின் பெயரில் 1996 மே 28 அன்றே அமெரிக்காவில் காப்புரிமை வழங்கப்பட்டிருந்தது. அதன் தொடக்க விண்ணப்பங்கள் 1995-க்கு முந்தையவை என்பதால் இந்தியாவில் அந்த மூலக்கூறுக்கு உரிமை கேட்க வழியில்லை. எனவே பின்னால் வந்த படிக வடிவத்துக்கு இங்கே கேட்டார்கள். கல்கண்டும் சீனியும் இனிப்பில் ஒன்று, உருவில் வேறு அல்லவா? முழுக்கப் பொருந்தாவிட்டாலும் அந்த உவமை விஷயத்தை விளக்கும்: ஒரே வேதிப்பொருளின் மூலக்கூறுகள் அடுக்கப்படும் ஒழுங்கு மாறினால் வேறு படிகம் கிடைக்கும்.

2003 நவம்பரில் நோவார்ட்டிஸுக்குத் தனி விற்பனை உரிமை என்ற இடைக்கால உரிமை கிடைத்தது. அதைக் காட்டி அது வழக்குத் தொடர, சென்னை உயர் நீதிமன்றம் சில இந்திய நிறுவனங்களின் விற்பனைக்குத் தடை விதித்தது. மும்பை உயர் நீதிமன்றம் தடை தர மறுத்தது. கிளிவெக்கின் விலை மாதம் 1,20,000 ரூபாய் அளவில் இருந்தது. இந்திய நிறுவனங்களின் மருந்து மாதம் 8,000 முதல் 12,000 ரூபாய்க்குக் கிடைத்தது. இலவசமாக மருந்து தரும் திட்டம் ஒன்றை நோவார்ட்டிஸ் நடத்தியது, பலர் அதனால் பயன்பெற்றார்கள் என்பதும் உண்மை. ஆனால் ஒரு நிறுவனத்தின் கொடையை நம்பி மருந்து வாங்குவது வேறு, கடையில் எட்டும் விலைக்கு மருந்து கிடைப்பது வேறு.

2005-இல் சட்டம் திருத்தப்பட்டபோது, ஆட்சிக்கு வெளியிலிருந்து ஆதரவளித்த இடதுசாரிக் கட்சிகளின் அழுத்தத்தோடு 3(d) பிரிவு இன்றைய வடிவத்தைப் பெற்றது. தெரிந்த பொருளின் புதிய வடிவம், அந்தப் பொருளின் அறியப்பட்ட செயல்திறனைக் கூட்டாவிட்டால், அது கண்டுபிடிப்பு ஆகாது. உப்பு, எஸ்டர், படிகம், துகளின் அளவு, தூய்மையான வடிவம் ஆகியவை எல்லாம், செயல்திறனில் கணிசமான வேறுபாடு இல்லாதவரை, ஒரே பொருள்தான். ஒரே மருந்தில் சிறு மாற்றங்கள் செய்து புதுப்புதுக் காப்புரிமைகளை அடுக்கி ஏகபோகத்தை நீட்டிக்கும் வழக்கத்தை எவர்கிரீனிங் என்பார்கள். அந்த வாசலில் வைத்த காவல் இந்தப் பிரிவு.

தபால் பெட்டி திறந்தது. மும்பையைச் சேர்ந்த புற்றுநோயாளிகள் உதவிச் சங்கமும் நாட்கோ, சிப்லா, ரான்பாக்ஸி, ஹெட்ரோ நிறுவனங்களும் எதிர்த்தன. 2006 ஜனவரி 25 அன்று சென்னை அலுவலகம் விண்ணப்பத்தை நிராகரித்தது. நோவார்ட்டிஸ் இரண்டு முனைகளில் போராடியது. ஒன்று மேல்முறையீடு. இன்னொன்று, 3(d) பிரிவே அரசியல் சாசனத்துக்கும் டிரிப்ஸ் ஒப்பந்தத்துக்கும் முரணானது என்ற வழக்கு. 2007 ஆகஸ்ட் 6 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் ஆர். பாலசுப்ரமணியன், பிரபா ஸ்ரீதேவன் ஆகியோர் இரண்டாவது வழக்கைத் தள்ளுபடி செய்தார்கள். நாடுகளுக்கிடையே உள்ள ஒப்பந்தத் தகராறுக்கு உலக வர்த்தக அமைப்பிலேயே தீர்வு மன்றம் இருக்கிறது, இங்கே அதைத் தீர்க்க முடியாது என்றார்கள். 'செயல்திறன்' என்ற சொல் தெளிவில்லாதது என்ற வாதத்துக்கு ஒரு மருத்துவ அகராதியைப் பிரித்து, விரும்பிய சிகிச்சை விளைவைத் தரும் மருந்தின் திறன் என்று பொருள் சொன்னார்கள். பின்னால் உச்ச நீதிமன்றம் எடுத்த திசைக்கு வித்து இங்கேதான் விழுந்தது.

மேல்முறையீடு வாரியத்துக்குப் போனபோது ஒரு சிக்கல். வாரியத்தின் தொழில்நுட்ப உறுப்பினர், முன்பு காப்புரிமைத் துறையின் தலைமை அதிகாரியாக இருந்து இதே விவகாரத்தில் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தவர். அவர் விசாரிக்கக் கூடாது என்று நோவார்ட்டிஸ் ஆட்சேபித்தது. ஆட்சேபம் நியாயமானது என்பதே என் கருத்து. எந்தத் தரப்பாக இருந்தாலும் தன் வழக்கில் வாக்குமூலம் கொடுத்தவரே நடுவராக அமர்வதை ஏற்க முடியாது. கடைசியில் அவர் இல்லாத அமர்வு 2009 ஜூன் 26 அன்று தீர்ப்பளித்தது. பீட்டா படிகம் புதியது, எளிதில் தோன்றக்கூடியதும் அல்ல. ஆனாலும் 3(d) தடுக்கிறது என்றது வாரியம். அங்கிருந்து வழக்கு உச்ச நீதிமன்றம் போனது.

சொந்தக் காகிதமே சாட்சி

2013 ஏப்ரல் 1. நீதிபதிகள் அஃப்தாப் ஆலம், ரஞ்சனா பிரகாஷ் தேசாய் இருவரும் தந்த தீர்ப்பு 100 பக்கங்களைத் தாண்டியது. அதில் நான் மீண்டும் மீண்டும் படித்த பகுதி, சட்ட நுணுக்கத்தைவிட ஆவணங்களை அடுக்கிய விதம்தான்.

நோவார்ட்டிஸின் வாதம் இப்படி: ஸிம்மர்மன் காப்புரிமையின் எல்லைக்குள் மெசிலேட் உப்பு அடங்கலாம், ஆனால் அதை எப்படிச் செய்வது என்று அதில் விளக்கவில்லை. எனவே மெசிலேட்டும் அதன் பீட்டா படிகமும் பிற்காலக் கண்டுபிடிப்புகள். எல்லைக்குள் இருப்பது ஒன்று, எடுத்துச் சொல்லியிருப்பது வேறு.

நீதிமன்றம் நிறுவனத்தின் சொந்தக் கோப்புகளை விரித்தது. அமெரிக்காவில் மருந்துக்கு அனுமதி கேட்டபோது ஸிம்மர்மன் காப்புரிமையைத்தான் காட்டியிருந்தார்கள். அதன் காலத்தை நீட்டிக்கக் கேட்டபோதும் கிளிவெக்கைக் காரணம் சொன்னார்கள். நாட்கோ நிறுவனம் வீனாட் என்ற பெயரில் இமாட்டினிப் மெசிலேட்டை பிரிட்டனில் விற்றபோது, 2004 பிப்ரவரியில் நோவார்ட்டிஸ் சார்பில் வழக்கறிஞர் நோட்டீஸ் போனது. ஸிம்மர்மன் காப்புரிமையில் மெசிலேட் உப்பும் அடங்கும், உடனே விற்பனையை நிறுத்து என்றது அந்த நோட்டீஸ். விற்பனை நின்றது.

பிரிட்டனில் 'அதுவும் என் நிலம்' என்று அடுத்தவரை வெளியேற்றியவர், இந்தியாவில் 'அது புறம்போக்காக இருந்தது, நான்தான் புதிதாகக் கண்டுபிடித்தேன்' என்று சொல்ல முடியுமா? முடியாது என்றது தீர்ப்பு. எல்லைக்கும் விளக்கத்துக்கும் இடையே அவ்வளவு பெரிய இடைவெளியை அனுமதித்தால், காப்புரிமையின் அளவை நிர்ணயிப்பது கண்டுபிடிப்பின் தகுதியாக இராது, எழுதியவரின் சாமர்த்தியமாக இருக்கும் என்பது நீதிபதிகளின் கவலை. மெசிலேட் உப்பு தெரிந்த பொருள் என்று முடிவானதும் மீதி நின்றது பீட்டா படிகம் மட்டும்.

படிகத்துக்குச் சொல்லப்பட்ட சிறப்புகள்: தூள் நன்றாக ஓடும், வெப்பத்தில் நிலைத்து நிற்கும், ஈரத்தை உறிஞ்சுவது குறைவு. மாத்திரை செய்பவருக்கும் சேமித்து வைப்பவருக்கும் இவை நல்ல குணங்கள். நோயாளியின் உடம்பில் மருந்து கூடுதலாக வேலை செய்கிறது என்பதற்கு இவை ஆதாரம் ஆகா. எஞ்சியது ஒரே எண்: எலிகளில் செய்த சோதனையில் மருந்து ரத்தத்தில் சேரும் அளவு 30 விழுக்காடு கூடியது. ஆனால் அந்த ஒப்பீடு உப்பாக மாற்றப்படாத இமாட்டினிப்போடு செய்தது. ஏற்கெனவே தெரிந்திருந்த மெசிலேட்டோடு செய்ததல்ல. ரத்தத்தில் கூடுதலாகச் சேர்ந்தால் குணமும் கூடும் என்பதற்குத் தனியாக ஆய்வுத் தரவு வேண்டும், அது இல்லை என்றது நீதிமன்றம். மருந்தைப் பொறுத்தவரை செயல்திறன் என்றால் சிகிச்சைத் திறன். அந்த அளவுகோலில் விண்ணப்பம் தோற்றது.

சிறிய முன்னேற்றங்களுக்கு இந்தியாவில் இனிக் காப்புரிமையே கிடையாது என்று தீர்ப்பு சொல்லவில்லை. மாறாக, அப்படிப் பொருள் கொள்ள வேண்டாம் என்று அதுவே எச்சரித்தது. ஆனால் பக்க விளைவைக் குறைப்பதும் சிகிச்சைத் திறனில் சேருமா என்ற கேள்வியைத் தீர்க்காமல் விட்டது. இதைக் குறையாகவே பார்க்கிறேன். புற்றுநோய் மருந்தின் நச்சுத்தன்மை பாதியாகக் குறைந்தால் நோயாளிக்கு அது வெறும் வசதி அல்ல.

கடிகாரத்தோடு நடக்கும் சண்டை

கிளிவெக்கில் சண்டை, காப்புரிமை தருவதா வேண்டாமா என்பது. தந்துவிட்ட பிறகு வரும் வழக்கின் போக்கே வேறு. சாட்சிகள், நிபுணர்கள், குறுக்கு விசாரணை என்று முழு விசாரணை முடிவதற்குள் காப்புரிமையின் ஆயுளே தீர்ந்துவிடலாம். அதனால் உண்மையான போர் இடைக்காலத் தடை மனுவில்தான். தடை கிடைத்தால் மலிவு மருந்து கடைக்கு வராது. கிடைக்காவிட்டால் வந்துவிடும், பிறகு பழைய விலை திரும்பாது.

நுரையீரல் புற்றுநோய்க்கான எர்லோட்டினிப் வழக்கு இதற்குப் பாடம்போல் இருக்கிறது. ரோஷ் நிறுவனத்தின் டார்சீவா மாத்திரை ஒன்று 4,800 ரூபாய். சிப்லாவின் எர்லோசிப் 1,600 ரூபாய். 2008 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் தடை தர மறுத்தது. 2009 ஏப்ரலில் இரு நீதிபதிகள் அமர்வும் மறுத்தது. இடைக்காலக் கட்டத்தில் காப்புரிமை செல்லாது என்று முழுதாக நிரூபிக்க வேண்டியதில்லை, தள்ளிவிட முடியாத ஐயத்தை எழுப்பினாலே போதும் என்ற அளவுகோல் இந்த வழக்கில் வலுப்பெற்றது. 'நம்பத்தகுந்த எதிர்ப்பு' என்று அதைச் சொல்கிறார்கள். விலையும் பொது நலனும் சட்டப்படி உள்ளே வரும் இடம் இதுதான். காப்புரிமை செல்லுமா என்பதற்கு அவை பதில் ஆகா. தடையால் யாருக்கு எவ்வளவு பாதிப்பு என்ற தராசில் மட்டும் வைக்கப்படும். பிற்பாடு 2015 நவம்பரில், சிப்லா காப்புரிமையை மீறியது உண்மைதான் என்று அதே நீதிமன்றத்தின் அமர்வு சொன்னது. ஆனால் காப்புரிமை முடிய சில மாதங்களே பாக்கி இருந்தன. அதனால் விற்பனையை நிறுத்த உத்தரவிடவில்லை. இடைக்கால உத்தரவு ஒரு நிறுவனம் பக்கமும் இறுதித் தீர்ப்பு இன்னொன்றின் பக்கமும் சாயலாம் என்பதை மறக்கக் கூடாது.

அண்மைக் காலத்தில் மூலப்பத்திரம் வேறொரு உருவத்தில் வருகிறது. மருந்து நிறுவனங்கள் முதலில் ஒரு எலும்புக்கூட்டுக்கு உரிமை வாங்குகின்றன: நடுவில் ஒரு வேதிக் கட்டமைப்பு, சுற்றிலும் பல இடங்கள், ஒவ்வோர் இடத்திலும் எது வேண்டுமானாலும் ஒட்டலாம் என்று நீண்ட பட்டியல். கணக்குப் போட்டால் ஆயிரக்கணக்கில், சில நேரம் லட்சக்கணக்கில் சேர்மங்கள் அந்த ஒற்றை உரிமைக்கோரலுக்குள் அடங்கும். சில ஆண்டுகள் கழித்து, அந்தக் கூட்டத்திலிருந்து ஒரே ஒரு சேர்மத்தை எடுத்து, இதுதான் எங்கள் மருந்து என்று தனிக் காப்புரிமை கேட்பார்கள். கொடுத்தால் ஏகபோகம் இன்னும் சில ஆண்டுகள் நீளும்.

நீரிழிவு மருந்தான டாபாக்ளிஃப்ளோசின் வழக்கில் அஸ்ட்ராஜெனெகா இரண்டு காப்புரிமைகளையும் காட்டி, ஒரே மருந்து இரண்டையும் மீறுகிறது என்று முறையிட்டது. அந்த முறையீடே அதற்கு எதிராகத் திரும்பியது. ஒரே பொருள் இரண்டையும் மீறுகிறது என்றால் அது முதல் காப்புரிமையிலேயே இருந்தது என்றுதானே பொருள், ஒரு கண்டுபிடிப்புக்கு ஒரு காப்புரிமைதான் என்று 2021 ஜூலையில் டெல்லி உயர் நீதிமன்ற அமர்வு சொல்லி, தடை தர மறுத்தது. முதல் காப்புரிமை 2020 அக்டோபரிலேயே முடிந்திருந்தது. இரண்டையும் எழுதியது அதே கண்டுபிடிப்பாளர்கள் என்றால், 'இது தோன்றக்கூடியதா' என்ற கேள்வியை, வெளியில் நிற்கும் சாதாரண வல்லுநரை வைத்துக் கேட்டால் போதாது, விஷயம் தெரிந்தவரை வைத்துக் கேட்க வேண்டும் என்றும் அந்த அமர்வு சொன்னது.

முதுகுத்தண்டுத் தசைநார் சிதைவு நோய்க்கான ரிஸ்டிப்லாம் வழக்கில் இதே அளவுகோல் மீண்டும் வந்தது. ரோஷின் பழைய காப்புரிமையில் சொல்லப்பட்ட ஒரு சேர்மத்துக்கும் ரிஸ்டிப்லாமுக்கும் உள்ள வேறுபாடு, ஓரிடத்தில் கார்பனும் ஹைட்ரஜனும் இருந்த இடத்தில் நைட்ரஜன் வந்தது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றத்தின் ஒற்றை நீதிபதியும் அக்டோபர் 9 அன்று அமர்வும் நாட்கோவுக்குத் தடை விதிக்க மறுத்தார்கள். சில நாட்களில் உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்தது. ஒரு குப்பி 6 லட்சம் ரூபாய்க்கு மேல் விலை போட்டிருந்த மருந்தை நாட்கோ 15,900 ரூபாய்க்குக் கொண்டுவந்தது. ரிஸ்டிப்லாம் காப்புரிமை ரத்தாகிவிட்டது என்று பலர் பகிர்ந்தார்கள். அது தவறு. ரத்தாகும் அளவுக்கு வலுவான எதிர்ப்பு இருக்கிறது என்பதுதான் தீர்ப்பு.

கட்டாய உரிமம் என்பதையும் இதோடு குழப்பிக்கொள்கிறார்கள். 2012 மார்ச்சில் பேயர் நிறுவனத்தின் புற்றுநோய் மருந்தான நெக்சாவரை மாதம் 2,80,428 ரூபாய்க்குப் பதில் 8,880 ரூபாய்க்குச் செய்ய நாட்கோவுக்கு அனுமதி கிடைத்தது. அங்கே காப்புரிமை செல்லாது என்று யாரும் சொல்லவில்லை. செல்லுகிற காப்புரிமையை மக்களுக்கு எட்டாதபடி வைத்திருந்ததால், ஆதாயப் பங்கு கொடுத்துவிட்டு இன்னொருவர் செய்ய அரசு வழிவிட்டது.

யார் கதவைத் தட்டலாம்?

அமெரிக்காவில் காப்புரிமை செல்லும் என்றே சட்டம் எடுத்துக்கொள்கிறது. எதிர்ப்பவர் தெளிவான, நம்பவைக்கும் சான்று காட்ட வேண்டும் என்று 2011-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. பதிலுக்கு 1984ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு பரிசு வைத்திருக்கிறது: முதலில் எதிர்த்து வரும் பொதுப்பெயர் (ஜெனரிக்) மருந்து நிறுவனத்துக்கு 180 நாள் தனிச் சந்தை. மனச்சோர்வு மருந்தான புரோசாக்கின் காப்புரிமையை பார் நிறுவனம் இந்த வழியில்தான் உடைத்தது. ஒரே கண்டுபிடிப்புக்கு இரண்டு முறை காப்புரிமை வாங்கியதாக 2000 ஆகஸ்ட்டில் தீர்ப்பு வந்தது. மறு ஆண்டே மலிவு மருந்து கடைக்கு வந்தது.

ஆனால் லாபத்துக்காக எதிர்க்கும் நிறுவனம் லாபத்துக்காகவே சமாதானமும் ஆகும். வழக்கைக் கைவிட்டு, மருந்தைத் தாமதமாகக் கொண்டுவர, மூல நிறுவனமே எதிர்த்தவருக்குப் பணம் கொடுப்பது அமெரிக்காவில் வழக்கமாகவே ஆனது. அது போட்டிச் சட்டத்தை மீறக்கூடும் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொல்ல 2013 வரை ஆயிற்று. எர்லோட்டினிப் வழக்கில் ரோஷும் சிப்லாவும்கூட 2017-இல் உச்ச நீதிமன்றத்தில் சமரசம் செய்துகொண்டன. அதில் சட்டப்படி தவறேதும் இல்லை. ஆனால் வழக்கு வணிகர்கள் இருவருக்கு இடையில் மட்டும் என்றால், மருந்து சாப்பிடுகிறவர் அந்த மேசையில் இல்லை.

அதனால்தான் முதல் வாசலைப் பெரிதாக நினைக்கிறேன். காப்புரிமை தருவதற்கு முன் 'யார் வேண்டுமானாலும்' எதிர்க்கலாம் என்பது நோயாளிக்கு நேராகத் திறக்கும் கதவு. மும்பையின் புற்றுநோயாளிகள் சங்கம் சென்னை அலுவலகம் வந்தது அதன் வழியாகத்தான். காசநோய் மருந்தான பெடாகுவிலினின் உப்பு வடிவத்துக்கு ஜான்சன் அண்ட் ஜான்சன் காப்புரிமை கேட்டபோது எதிர்த்தவர்களில் இரண்டு பெண்கள், ஒருவர் இந்தியர், ஒருவர் தென்னாப்பிரிக்கர். இருவரும் பழைய காசநோய் மருந்துகளின் பக்க விளைவால் கேட்கும் திறனை இழந்தவர்கள். 2023 மார்ச்சில் மும்பை அலுவலகம் அந்த விண்ணப்பத்தை நிராகரித்தது; அதே ஆண்டு ஜூலையில் மூலக்கூறின் காப்புரிமையும் முடிந்தது.

2024 மார்ச்சில் வந்த விதித் திருத்தம் இந்த எதிர்ப்பு மனுவுக்கு முதன்முறையாகக் கட்டணம் விதித்தது. மனு விசாரணைக்கு ஏற்றதுதானா என்பதையும் அதிகாரி முதலில் பார்த்து முடிவு செய்வார். பெயருக்கு ஆள் வைத்து ஒன்றன்பின் ஒன்றாக மனுப் போட்டு விண்ணப்பங்களை இழுத்தடித்தவர்கள் உண்டு, அவர்களைத் தடுக்கவே இந்த ஏற்பாடு என்கிறது அரசு. இழுத்தடிப்பு நடந்தது உண்மைதான். ஆனால் சிறு நோயாளிச் சங்கம் ஒன்று, வேதியியல் தெரிந்தவரைத் தேடிப் பிடித்து, நூற்றுக்கணக்கான பக்கங்களைப் படிக்கவைத்து, பழைய காப்புரிமையில் அந்த ஒரு வரியைக் கண்டுபிடித்துக்கொண்டு வரும்போது, அதை முதல் படியிலேயே திருப்பி அனுப்பும் அதிகாரம் இப்போது அலுவலகத்துக்கு இருக்கிறது. எது அந்தக் காப்புரிமையை வழங்கப் போகிறதோ, அதே அலுவலகத்துக்கு.